வாயை நம்பாத மிஸ்ஸி

மிஸ்ஸி யாரிடமும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறவளும் "இருக்கோம் மிஸ்ஸி" என்றுதான் சொல்வாள். அதனால் அவர் கேட்பதில்லை. நேரே பக்கத்தில் வந்து, பெருவிரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். உள்ளே சிவப்பாக இருந்தால் விட்டுவிடுவார். வெளுத்திருந்தால் அன்றைக்கு நாம் தொலைந்தோம்.

என்னை அவர் முதலில் பார்த்தது தலவாக்கலையிலிருந்து வட்டகொடைக்கு வருகிற பஸ்ஸில். என் இளையவன் அப்போது கைக்குழந்தை. ஒரு கையில் அவனையும் இன்னொரு கையில் சாமான் பையையும் வைத்துக்கொண்டு கம்பியில் சாய்ந்து நின்றிருந்தேன். சீட்டில் இருந்த ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நல்ல மனுஷி என்று நினைத்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த மறு நிமிஷம் என் கண் இமை அவர் கையில் இருந்தது. பேர் என்ன, எந்தத் தோட்டம் என்றெல்லாம் பிறகுதான் கேட்டார்.

ரத்தம் ஊற மாத்திரை கொடுத்திருப்பார்களே, போடுகிறாயா என்றார். போடுகிறேன் என்றேன். எதோடு போடுகிறாய் என்றார். எதோடு போடுவார்கள்? பிளேன்டீயோடுதான். எங்கள் வீட்டில் மாத்திரை மட்டுமல்ல, ரொட்டியும் அதோடுதான் இறங்கும். அதைச் சொன்னதும் அவருக்கு வந்ததே கோபம். அந்தத் தேயிலைச் சாயம் மாத்திரையில் இருக்கிற சத்தை உடம்பில் சேரவிடாது, மாதக்கணக்காக நீ போட்டதெல்லாம் வீண், இனிமேல் தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு போடு, டீயை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடி என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பின் சீட்டில் ஒருவர், கொழுந்து எடுக்கிறவளையே டீ குடிக்காதே என்கிறார்கள், இனி தோட்டத்தை மூட வேண்டியதுதான் என்று சிரித்தார். நான் வெட்கம் தாங்காமல் ஒரு ஹோல்ட்டுக்கு முன்னாலேயே இறங்கி நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் தேசிக்காய் வாங்கி வரச் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் எங்கள் தோட்டங்களுக்குப் புதிதாக வந்திருந்த மிட்வைஃப். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பது, பிறந்த பிள்ளையை நிறுப்பது, ஊசிக்கு அழைத்துப் போவது எல்லாம் அவர் பொறுப்பு. எங்களுக்கு மிஸ்ஸி. பெயர் வேண்டாம். மாற்றலாகி மஸ்கெலியாப் பக்கம் போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கவில்லை. ஹட்டனில் பஸ் மாறினால் போய்விடலாம். தூரம் ஒரு காரணமில்லை.

"ஒங்க வாயை நான் நம்ப மாட்டேன்" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை. சும்மா சொல்வதில்லை. எங்கள் வீட்டு வரிசைக்கு, லயத்துக்கு, சாப்பாட்டு நேரம் பார்த்து வருவார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறப்பார். ஆம்பளைகளும் பிள்ளைகளும் தின்றது போக எங்களுக்கு என்ன மிச்சம் என்று பார்க்கத்தான். எங்களுக்கு மிஞ்சுவது அநேகமாக ஒரு ரொட்டியும் சம்பலும். அதைக் கண்டால் வீட்டு ஆம்பளையைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துப் பேசுவார். அந்தப் பேச்சுக்குப் பயந்து, அவர் வருகிற அன்றைக்கு மட்டும் நாங்கள் சட்டியில் கொஞ்சம் பருப்பை மிச்சம் வைக்கத் தொடங்கினோம்.

என் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவள் சாந்தி. நானும் அவளும் ஒரே வருஷத்தில் கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்தவர்கள். மலையில் கொழுந்து எடுக்க அவளுக்குக் கொடுத்த தேயிலை நிரைக்குப் பக்கத்து நிரை என்னுடையது. பருப்பு வைப்பதில் அவள் ஒரு படி மேலே போய், மிஸ்ஸி வருவார் என்று முதல் நாள் வைத்த பருப்பையே அடுத்த நாளும் வைத்து, மேலே ஒரு நெத்தலிக் கருவாட்டையும் அழகாகப் படுக்க வைத்திருந்தாள். மிஸ்ஸி குனிந்து முகர்ந்தார். இது நேற்றுப் பருப்பாயிற்றே, நேற்று யாருக்கு வைத்தாய் என்று கேட்டார். சாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது. வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மிஸ்ஸியும் சிரித்தார். பிறகு தன் பையைத் திறந்து இரண்டு அவித்த முட்டையை எடுத்தார். ஒன்றை உரித்து அவளுக்குக் கொடுத்தார், மற்றதை எனக்கு. தின்று முடிக்கும்வரை நகரவில்லை. அது அவருடைய மத்தியானச் சாப்பாடு என்பது அவர் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

சாவு வீட்டில்கூட அவர் கை சும்மா இருக்காது. ஒப்பாரி வைக்கிறவளின் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, நாளைக்குக் கிளினிக்குக்கு வா என்று சொல்லிவிட்டுப் போவார். சிலருக்கு இதனால் அவர்மேல் எரிச்சல். எனக்கும் சில நாள் எரிச்சல் வந்திருக்கிறது. நம் வாயிலிருந்து வருகிற எதையும் ஒருவர் நம்ப மாட்டேன் என்றால் நமக்கென்ன மரியாதை என்று தோன்றும். ஆனால் எங்கள் உடம்பை இவ்வளவு சிரத்தையாகப் பார்த்த வேறு ஆளும் கிடையாது. பெற்ற தாய் பார்க்கவில்லை, கட்டினவன் பார்க்கவில்லை.

இனி ஒரு பஞ்சுப் பை விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்களுக்குள் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருத்திக்குக் கிலோ குறைந்தால் அவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், அரை நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்கள். அதனால் உடம்புக்கு முடியாதவளோ பிள்ளை பெற்று வந்தவளோ வரிசையில் நின்றால், முன்னால் பின்னால் நிற்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி அள்ளி அவள் சாக்கில் போட்டுவிடுவோம். கங்காணி பார்க்காத மாதிரி செய்வோம். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, நன்றி சொல்வதுமில்லை. எனக்குப் போட்டிருக்கிறார்கள், நானும் போட்டிருக்கிறேன்.

மார்பில் கட்டி வருகிற நோயைப் பற்றி மிஸ்ஸி எங்களிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முப்பத்தைந்து வயது தாண்டினவர்கள் டவுன் கிளினிக்குக்கு வந்து காட்ட வேண்டும் என்றார். யாரும் போகவில்லை. வேலை நாளில் கிளினிக். போனாலும் சட்டையைக் கழற்ற வேண்டும். நானே பார்க்கிறேன், என்னிடமாவது காட்டுங்கள் என்றார். அதற்கும் நாங்கள் சிரித்து மழுப்பினோம். கடைசியில், சரி, உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், நான் சொல்லித் தருகிறேன் என்று, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் எங்களைக் கூட்டி உட்கார வைத்தார். நாங்கள் பதினோரு பேர்.

பழைய மெத்தைப் பஞ்சை அடைத்து மார்பு மாதிரி அவரே ஒரு பை தைத்துக் கொண்டுவந்திருந்தார். உள்ளே எங்கேயோ கட்டி மாதிரி ஒரே ஒரு கௌபி விதை, பயறு அளவுதான். கண்ணை மூடிக்கொண்டு மூன்று விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து, விதை எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். முதலில் லெட்சுமி அக்கா. அவர் கை முறிந்து ஆறு மாதம் மலைக்கு வராமல் இருந்தவர். தடவினார், காட்டினார். மிஸ்ஸி சந்தோஷமாகக் கொப்பியில் பெயர் எழுதக் குனிந்தார். பை என்னிடம் வந்தது. தடவினேன். பஞ்சு தெரிந்தது, அதுவும் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. வருஷக்கணக்காகக் கொழுந்து கிள்ளிக் கிள்ளி என் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தடித்து வெடித்திருந்தது. சூடான கேத்தலைத் தொட்டால்கூடத் தாமதமாகத்தான் எனக்குச் சுடும்.

லெட்சுமி அக்கா என் காதோரமாக, "தையல் பக்கம், கீழ" என்றார். நான் தையல் பக்கம் கீழே காட்டினேன். என் பெயரும் கொப்பியில் ஏறியது. அடுத்து சாந்தி. அவள் தடவிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் சொன்னேன். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். கிலோ குறைந்தவள் சாக்கில் ஒரு பிடி போடுகிற மாதிரிதான் அதுவும். மிஸ்ஸியிடம் ஏச்சு வாங்காமல் எல்லாரும் கரையேற வேண்டும் என்பதைத் தவிர எங்கள் மனதில் வேறொன்றும் இல்லை. பதினோரு பேரும் சரியாகக் காட்டியதும் மிஸ்ஸிக்கு முகமெல்லாம் மலர்ந்துபோனது. கொழுந்து எடுக்கிற கையல்லவா, உங்கள் விரலுக்குத் தெரியாததா என்றார்.

அதற்குப் பிறகு மாதா மாதம் வந்து கேட்பார். பார்த்தாயா? பார்த்தேன் மிஸ்ஸி, ஒன்றுமில்லை. கொப்பியில் குறித்துக்கொள்வார். சட்டியைத் திறந்து பார்க்காமல் நம்பாதவர், இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வாயை நம்பினார். எங்கள் கையைத்தான் ஏற்கனவே சோதித்துவிட்டோமே என்று நினைத்துவிட்டார்.

சாந்தி பொய் சொல்லவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தண்ணீர் விழுகிற பீலியில் குளிக்கும்போது ஈரப் பாவாடைக்குள் கையை விட்டு, மிஸ்ஸி சொல்லிக் கொடுத்த மாதிரியே சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். "எனக்கு ஒன்னும் தட்டுப்படல. ஒனக்கு?" என்பாள். எனக்கும் ஒன்றுமில்லை என்பேன்.

ஒரு வருஷம் கழித்து அவள் மகள் நிரோஷா லீவில் வந்திருந்தாள். ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவள், என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறவள். அம்மாவுக்குத் தோள் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அக்குள் பக்கமாக அவள் விரலில் ஏதோ பட்டது. இது என்னம்மா என்று கேட்டிருக்கிறாள். எது என்று சாந்தி கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அங்கே டொக்டர் கேட்டாராம். ஏழு மாதம் போனாள் வந்தாள். பிறகு போகவில்லை. குழியில் பெட்டியை இறக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த நாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நின்றேன், மலை பிரித்துக் கொடுத்தார்கள், ஏறினேன். பக்கத்து நிரையில் வேறொருத்தியைப் போட்டிருந்தார்கள்.

சாந்தி வெட்கப்பட்டு மறைத்துவிட்டாள் என்று லயம் முழுக்கப் பேச்சு. மிஸ்ஸியும் அப்படித்தான் நினைத்தார். வேறெப்படி நினைப்பார்? கௌபி விதையைக் கண்டுபிடித்தவளுக்குக் கட்டி தெரியாமல் இருக்குமா? பிள்ளைக் காம்பராவில் மறுபடி எங்களைக் கூட்டினார். "சாந்தி மாதிரி மறைச்சுடாதீங்க. வெக்கம் என்னத்துக்கு ஆகும்? அவ பிள்ளையைப் பாருங்க" என்றார். நிரோஷா வாசலில் நின்றிருந்தாள். அம்மா படத்துக்கு அவள் விளக்கு வைப்பதை நிறுத்தியிருந்தாள். பிள்ளைகளை நினைத்திருந்தால் அம்மா சொல்லியிருக்குமே என்று என்னிடமே கேட்டிருக்கிறாள். மீதிப் பத்துப் பேரும் அங்கே இருந்தோம். யாராவது சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன். மற்றவர்களும் அதற்குத்தான் காத்திருந்தார்கள் போல.

கூட்டம் கலைந்ததும் மிஸ்ஸியின் பின்னால் பஸ் ரோட்டு வரைக்கும் இறங்கிப் போனேன். தைரியமெல்லாம் ஒன்றுமில்லை. செத்தவளைக் கள்ளி என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"மிஸ்ஸி, அன்னிக்கு அந்தப் பையில எனக்கு ஒன்னும் தெரியல. தையல் பக்கம்னு லெட்சுமி அக்கா சொன்னாங்க. நான் சாந்திக்குச் சொன்னேன்."

அவர் என் வாயை நம்பவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்திப் பார்த்தார். பையிலிருந்து அந்தப் பஞ்சுப் பையை எடுத்தார். கண்ணை மூடச் சொல்லி, பையை நாலைந்து தரம் சுற்றி என் கையில் கொடுத்தார். தேடினேன். நன்றாகத் தேடினேன். தெரியவில்லை என்றேன். மற்றக் கையால் பார் என்றார். அதிலும் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவர் ரோட்டோர மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பஸ்ஸுக்குப் பிறகு அவர் உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"எங்க அம்மாவும் லிந்துலைப் பக்கம் கொழுந்துதான் எடுத்தாங்க. எனக்குத் தலை சீவி விட்டா முடியெல்லாம் அவங்க விரல்ல சிக்கும், வலிக்கும், நான் கத்துவேன். அந்தக் கையைத் தெரிஞ்சுக்கிட்டே நான் யோசிக்கலையே புள்ள."

என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருக்கலாம். பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் டீக்காக ஏசினவர், இதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து வந்த வழியே லயத்துக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன்.

நிரோஷா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ஒங்க அம்மா எதையும் மறைக்கலம்மா. மாசாமாசம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. கொழுந்து எடுத்து மரத்துப்போன கை, அதுக்குத் தெரியல. அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் ஒழுங்காச் சோதிக்கல."

நிரோஷா மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"நீங்க ஒழுங்காப் பார்த்திருந்தா அம்மா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்."

அடுத்த வாக்கியத்துக்கு நான் காத்திருந்தேன். இவர்கள் எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள், உன் சித்தியைக் கேள் என்று சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பேச வேண்டிய இடம் அது. என் வாய் திறந்துதான் இருந்தது. நிரோஷா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்று சாயந்தரம் அவள் அம்மா படத்துக்கு விளக்கு வைத்ததைச் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஓங்கி அழுதாள். எனக்கு அப்போதும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மிஸ்ஸி பிள்ளைக் காம்பராவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினார். ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டுத் தன் கையாலேயே பார்த்தார். அவருக்கு லீவு நாள் அது. இந்த முறை சட்டையைக் கழற்ற யாரும் மறுக்கவில்லை. எங்கள் பத்துப் பேரில் ஒருத்திக்கு ஒரு சின்னக் கட்டி இருந்தது. அவரே கூட்டிக்கொண்டு போய் அதை எடுக்க வைத்தார். அவள் இன்றைக்கும் மலைக்கு வருகிறாள். மலைக்குப் போகாத பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்கள் அம்மா கையை நம்பாதீர்கள், நீங்கள் பாருங்கள் என்று அந்தப் பஞ்சுப் பையை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஒருத்தி தடவும்போது மற்றவர்களை வெளியே நிற்க வைத்தார். அந்தத் திரை ஐந்து மாதம் இருந்தது. இப்போது இல்லை.

ஐந்தாவது மாதம் நிரோஷா ஒரு கடிதம் எழுதிக்கொண்டு என் காம்பராவுக்கு வந்தாள். நல்ல கையெழுத்து அவளுக்கு. எங்கள் தோட்டத்து மிட்வைஃப் கவலையீனமாக இருந்து தன் தாயின் உயிர் போகக் காரணமானார் என்றும், அதை அவரே தன் வாயால் ஒத்துக்கொண்டார் என்றும், அவரை இங்கிருந்து மாற்ற வேண்டும் என்றும் இரண்டு பக்கம். மேலே அனுப்பப் போகிறாளாம். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

நான் படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன். இரண்டாம் தரமும் படித்தேன்.

"நீங்க மொதல்ல போடுங்க சித்தி. அம்மாவுக்கு நீங்கதானே நெருக்கம்" என்றாள்.

பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன். மற்ற ஒன்பது பேரும் எனக்குக் கீழே போட்டார்கள்.